சுவத்தை விட கண்ணாடி ஜாஸ்தி: ஹார்ட்விக் ஹால் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல இங்கிலாந்து டெர்பிஷயர்ல இருக்கற ஹார்ட்விக் ஹால் பத்தி ஒரே ஒரு பாரா எழுதியிருந்தேன், 1590ல வேலை ஆரம்பிச்சு 1597ல குடிபோன வீடு, இன்னைக்கும் பெருசா மாத்தாம நிக்குது, நான் பார்த்த வீடுகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்னு. அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கவே இல்லை, அதனால இந்த தடவை முழுப் பக்கமும் இந்த ஒரு வீட்டுக்கே.

"சுவத்தை விட கண்ணாடி ஜாஸ்தி"ன்னு அந்த ஊர்ல ஒரு சொலவடை இருக்குன்னு எழுதியிருந்தீங்க சார். இன்னைக்கு எந்த ஐடி கம்பெனி பில்டிங்கைப் பார்த்தாலும் முழுக்க கண்ணாடிதான், இதுல என்ன அதிசயம்? - ஆர்க்கிடெக்சர் மாணவர், மதுரை

அதிசயம் காலத்துல இருக்கு தம்பி. 1590ல கண்ணாடின்னா ஊதிச் செய்யறது, பெரிய ஷீட்டா வராது, உள்ளங்கை அளவு துண்டு துண்டா வெட்டி ஒவ்வொன்னையும் ஈயப் பட்டையில கோர்த்து, அப்புறம் கல் சட்டத்துக்குள்ள பொருத்தணும். பெரிய கோட்டையில கூட சொந்தக்காரர் ஊர்ல இல்லைன்னா ஜன்னல் கண்ணாடியைக் கழட்டி உள்ள பத்திரமா வெச்சிருந்த காலம் அது. அந்தக் காலத்துல ஒரு மலை மேல, தூரத்துல வர்றவன் கண்ணுக்கு முதல்ல படற மாதிரி, முகப்பு பூரா ஜன்னலா ஒரு வீட்டை நிறுத்தறதுன்னா அதுக்கு எவ்வளவு பணமும் துணிச்சலும் வேணும்னு பாருங்க.

சரி, அவ்வளவு ஓட்டை போட்ட சுவர் எப்படி நிக்குது? நீங்க படிக்கறவர்ங்கறதால இதைக் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். ஒரு குளிர் தேசத்து வீட்ல ரூமுக்கு ரூம் ஃபயர்பிளேஸ் வேணும், அதுக்கெல்லாம் புகைபோக்கி வேணும், வழக்கமா அதை வெளிச்சுவத்துல ஏத்திடுவாங்க. இங்க அதையெல்லாம் உள்சுவத்துக்குள்ள இழுத்துட்டாங்க. உள்சுவர் தடியாகி கனத்தைத் தாங்குது, வெளிச்சுவர் ஜன்னலுக்குன்னு விடுபடுது. அதோட வீட்டைச் சுத்தி ஆறு டவர் வெளிய நீட்டிட்டு நிக்குதே, அது அழகுக்கு மட்டும் இல்ல, முட்டுக் கொடுக்கற வேலையும் செய்யுது. இன்னொன்னு, வெளிய இருந்து பார்க்கறப்ப ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்சுப் பார்த்த மாதிரி சமமா இருக்கும், ஆனா உள்ள ரூமெல்லாம் அப்படி சமமா அமையலை, அதனால சில ஜன்னல் பொய் ஜன்னல், கண்ணாடிக்குப் பின்னாடி வெறும் சுவரோ புகைபோக்கியோதான் இருக்கும். உள்ள ஒரு ரூம்ல நின்னு எண்ணிட்டு, வெளிய வந்து எண்ணிப் பாருங்க, கணக்கு இடிக்கும். எனக்கு இடிச்சுது, ரெண்டாவது தடவை உள்ள போய்தான் புரிஞ்சுது.

மாடி டவர் உச்சியில எல்லாம் பெருசா ES-ங்கற ரெண்டு எழுத்து கல்லுல இருக்கே, அது யாரு? - வாசகி, திண்டுக்கல்

எலிசபெத் ஷ்ரூஸ்பரி. எல்லாரும் பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னுதான் சொல்வாங்க. அதே இடத்துல ஒரு சுமாரான நிலக்கிழார் குடும்பத்துல பொறந்த பொண்ணு, நாலு கல்யாணம், நாலு பேரும் அவங்களுக்கு முன்னாடி போயிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் கையில சொத்து கூடிச்சு. ரெண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ், அவரோட சேர்ந்து வாங்கின நிலத்துலதான் இன்னைக்கு உலகத்துக்கே தெரிஞ்ச சாட்ஸ்வொர்த் மாளிகை நிக்குது. நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு, ஸ்காட்லாந்து ராணி மேரியை வருஷக்கணக்குல காவல்ல வெச்சிருந்தவர், அவரோட சண்டை போட்டுப் பிரிஞ்சுதான் பெஸ் பொறந்த இடத்துக்கே திரும்பி வந்தாங்க. 1590 நவம்பர்ல அவர் இறந்தாரு, அந்த சமயத்துலயே இந்தப் புது வீட்டுக்கு அஸ்திவார வேலை ஆரம்பிச்சாச்சு. அப்ப பெஸ்ஸுக்கு அறுபதைத் தாண்டின வயசு, குடிபோனப்ப எழுபது கிட்ட. அந்த வயசுல தன் பேரோட முதல் எழுத்தை அவ்வளவு பெருசா கல்லுல செதுக்கி வானத்துக்கு எதிரா நிறுத்தின ஒரு பொம்பளையை நினைச்சா எனக்கு மரியாதைதான் வருது. கல் அதே மலைச் சரிவுல வெட்டினது, கண்ணாடி அவங்களோட சொந்தப் பட்டறையில ஊதினது, அதனாலதான் இவ்வளவு கண்ணாடி கட்டுபடியாச்சு. வரவு செலவு நோட்டு இன்னைக்கும் இருக்கு, கொத்தனார், கல் தச்சர், சுதை வேலைக்காரர் வரைக்கும் யாருக்கு என்ன கூலின்னு எழுதி வெச்சிருக்காங்க.

ஒரு சின்ன விஷயம், அங்க போனா ஸ்காட்லாந்து ராணி மேரி ரூம்னு ஒண்ணு காட்டுவாங்க. மேரி 1587லயே கொல்லப்பட்டாச்சு, இந்த வீடு எழும்பறதுக்கு முன்னாடி. அவங்க இங்க தங்கினதே இல்லை.

டிசைன் பண்ணது யாரு சார்? - வாசகர், ஈரோடு

ராபர்ட் ஸ்மித்சன்னுதான் எல்லாரும் ஒத்துக்கறாங்க, தொழில் ஆரம்பிச்சது கல் தச்சரா, லாங்லீட்ங்கற மாளிகையில வேலை பார்த்தவர், நாட்டிங்ஹாம்ல வல்லட்டன் ஹால் அவர் கைவண்ணம். ஹார்ட்விக்குக்கு ரொம்ப நெருக்கமான ஒரு பிளான் அவரோட வரைபடங்கள்ல கிடைச்சிருக்கு. ஆனா இன்னைக்கு ஆர்க்கிடெக்ட் சைட்ல நின்னு பார்க்கறாரே அந்த மாதிரி இல்ல, பிளானைக் கொடுத்துட்டுப் போயிடுவாரு, தினமும் நின்னு வேலை வாங்கினது பெஸ்ஸும் அவங்க ஆளுங்களும்.

உள்ள எப்படி இருக்கும்? அரண்மனை மாதிரி ஒரே தங்கமா? - வாசகி, கும்பகோணம்

தங்கமெல்லாம் இல்ல மேடம், கல்லு, சுதை, துணி, கோரைப் பாய். ஆமா, கோரைப் பாய்தான், தரை பூரா பின்னிப் போட்டிருக்காங்க, காஞ்சு நொறுங்காம இருக்க அப்பப்ப தண்ணி தெளிக்கறாங்க, அந்த ஈரக் கோரை வாசனை மூக்குல ஏறினப்ப எனக்கு நானூறு வருஷத்துக்கு முந்தின வீட்டுக்குள்ள நிக்கறோம்ங்கறது மனசுக்குப் பட்டுது.

இந்த வீட்டைப் புரிஞ்சுக்க ஒரே வழி படி ஏறறதுதான். வெளிய நின்னு ஜன்னலைப் பாருங்க, கீழ் வரிசை குட்டை, நடு வரிசை அதை விட உயரம், மேல் வரிசைதான் எல்லாத்தையும் விட உயரம். நாம பார்த்த வீடுகள்ல பெரிய ரூமெல்லாம் கீழ இருக்கும், மேல போகப் போக சின்னதாகும், இங்க தலைகீழ். தரைத்தளம் சமையல்கட்டு, வேலைக்காரங்க. முதல் மாடி பெஸ்ஸோட அன்றாட வாழ்க்கை, அவங்க படுக்கை, குடும்பம் சாப்பிடற இடம். ரெண்டாவது மாடி விருந்தாளி, ராஜ மரியாதை. மேல ஏற ஏற அந்தஸ்து ஏறுது, கூடவே கூரையும் உயருது, வெளிச்சமும் கூடுது.

வாசல்ல நுழைஞ்சதும் நேரா ஹால். இது அந்த ஊருக்குப் புதுசு. பழைய இங்கிலீஷ் வீட்ல ஓரமா ஒரு வழியா நுழைஞ்சு, திரும்பி, அப்புறம்தான் ஹாலுக்குள்ள வரணும், ஹாலும் முகப்புக்கு இணையா நீளமா படுத்திருக்கும். இங்க ஹாலையே திருப்பி, முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் வீட்டை ஊடுருவற மாதிரி வெச்சுட்டாங்க, கதவைத் திறந்தா நடு மத்தியில நிக்கறீங்க. இத்தாலி புத்தகங்கள்ல இருந்து வந்த சமச்சீர் ஆசை அது, ஆனா ஜன்னலும் டவரும் முழுக்க அந்த ஊர்ச் சரக்கு, ரெண்டும் சேர்ந்து வேற எங்கயும் இல்லாத ஒரு வீடா ஆயிருக்கு.

அங்கிருந்து கல் படி. அகலமா, ரொம்ப உயரம் இல்லாத படிகள், வீட்டுக்குள்ளயே வளைஞ்சு வளைஞ்சு போகுது, கொஞ்ச தூரம் இருட்டு, திரும்பினா ஒரு ஜன்னல் வெளிச்சம் அப்படியே படி மேல கொட்டுது, மறுபடி இருட்டு. நடுவுல பல படிகள் தேஞ்சு குழிஞ்சிருக்கு, கால் தானா அந்தக் குழியில போய் உட்காரும். விருந்துன்னா கீழ சமையல்கட்டுல இருந்து ஒவ்வொரு தட்டும் ஊர்வலமா இந்தப் படியேறிதான் மேல போகணும். ஆறிப் போயிருக்கும்தான், ஆனா அந்த ஊர்வலத்துக்காகவே போட்ட படி இது.

உச்சியில ஹை கிரேட் சேம்பர். கதவைத் தாண்டினதும் நான் பேச்சு நின்னு போய் நின்ன இடம். சுவத்தோட மேல் பாதி பூரா சுற்றிலும் சுதை வேலை, ஒரு காடு, வேட்டைக்காரங்க, மான், நடுவுல வேட்டைத் தெய்வம் டயானா உட்கார்ந்திருக்கா, எல்லாத்துக்கும் மேல வண்ணம், இப்ப வெளிறிப் போய் பச்சையும் காவியுமா ஒரு பழைய கனவு மாதிரி இருக்கு. ஆப்ரஹாம் ஸ்மித்னு ஒரு சுதைக் கலைஞரோட வேலை. கல்யாணமே பண்ணிக்காத, அப்ப ஆண்ட ராணி முதலாம் எலிசபெத்துக்கு கன்னித் தெய்வம் டயானாவைக் காட்டி ஒரு மரியாதை. ராணி வருவாங்கன்னு கட்டின அறை, கடைசி வரைக்கும் ராணி வரவே இல்லை. கீழ் பாதியில கிரேக்கக் கதை வீரன் யுலிசஸோட கதை நெய்த பெரிய டேபஸ்ட்ரி, அதாவது சுவத்துல தொங்கவிடற படம் நெய்த துணி. அதை 1587லயே வாங்கிட்டாங்க, துணியோட அளவுக்குத்தான் அறையோட உயரத்தையே போட்டிருக்காங்க.

பக்கத்துல லாங் கேலரி, கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம், மழைநாள்ல வீட்டுக்குள்ளயே நடக்கறதுக்கு. ஒரு பக்கம் ஜன்னலா வரிசையா ஓடுது, எதிர்ப்பக்கம் தரையில இருந்து மேல வரைக்கும் டேபஸ்ட்ரி, அந்த டேபஸ்ட்ரி மேலயே படங்கள். அதையெல்லாம் சொன்னா பக்கம் போதாது.

என் பொண்ணு ஷெஃபீல்டுல இருக்கா, அவளோட போய் பார்த்தேன். வெளிச்சத்துக்காகக் கட்டின வீடுன்னு நீங்க எழுதறீங்க, உள்ள போனா எல்லா ஜன்னலுக்கும் திரை, மங்கலா ஒரே இருட்டு, டிக்கெட் காசு வீணாப் போச்சுன்னு தோணிச்சு. ஏன் இப்படி? - ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநெல்வேலி

டீச்சர், உங்க வருத்தம் நியாயம்தான், எனக்கும் முதல் தடவை மனசு சுருங்கிப் போச்சு. ஆனா இந்தக் கேள்விதான் இந்த வீட்டோட உயிர்நாடி, அதனால நிதானமா பதில் சொல்றேன்.

லாங் கேலரியில கிடியன் டேபஸ்ட்ரின்னு 13 துணி தொங்குது, பைபிள்ல வர்ற கிடியன் கதை, ஒவ்வொன்னும் 6 மீட்டர் கிட்ட உயரம். 1592ல பெஸ் வாங்கினது, அதுக்கு முன்னாடி ராணியோட அமைச்சர் கிறிஸ்டோபர் ஹட்டனுக்காக நெய்தது, அவர் கடன்ல இறந்துட்டதால வாரிசு வித்துட்டாரு. துணியில ஹட்டனோட குடும்பச் சின்னம் இருந்துது, அதை மாத்த செலவாகும்னு சொல்லி பெஸ் 5 பவுண்ட் குறைச்சு வாங்கினாங்க, அப்புறம் தன் சின்னத்தை வரைஞ்சு அது மேல ஒட்டி மறைச்சுட்டாங்க. கிட்டப் போய் ஓரப் பட்டையைப் பார்த்தீங்கன்னா அந்த ஒட்டு தெரியும்.

நானூறு வருஷம் இந்தத் துணி ஜன்னலுக்கு எதிர்லயே தொங்கினது. கம்பளியும் பட்டும், செடி கொடியில எடுத்த சாயம். வெயில் முதல்ல மஞ்சளைத் தின்னும், நீலம்தான் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். அந்தக் காலத்துல பச்சைன்னா மஞ்சளும் நீலமும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டது, மஞ்சள் போயிட்டா மிச்சம் நீலம். பழைய டேபஸ்ட்ரியில மரத்து இலையெல்லாம் நீலமா இருக்கறது அதனாலதான், அன்னைக்கு அது பச்சைப் பசேல்னு இருந்திருக்கும். நிறம் மட்டும் இல்ல, வெளிச்சம் பட்ட பட்டு நூலே பொடியா உதிர ஆரம்பிச்சுடும். மேல ஃபயர்பிளேஸ் புகைக்கரி வேற.

அதை சரி பண்ண 24 வருஷம் ஆச்சு. ஒவ்வொரு துணியா இறக்கி, பெல்ஜியத்துக்கு அனுப்பிக் கழுவி, நார்ஃபோக்ல நேஷனல் டிரஸ்ட்டோட (இந்த வீட்டை இப்ப வெச்சிருக்கற, பழைய வீடுகளைக் காப்பாத்தற அறக்கட்டளை) துணி பராமரிப்புக் கூடத்துல வெச்சு, நைஞ்ச இடமெல்லாம் கையால தைச்சு, ஒரு துணிக்கே வருஷக்கணக்குல ஓடும். 13வது துணி 2023லதான் முடிஞ்சு சுவத்துக்குத் திரும்பி வந்துது. இருபத்தி நாலு வருஷம் ஒரே வேலையில குனிஞ்சு உட்கார்ந்தவங்க கையை நினைச்சுப் பாருங்க டீச்சர். அந்தத் திரையைத் தூக்கிவிட்டா அத்தனையும் மறுபடி கரைய ஆரம்பிச்சுடும், போன நிறம் எந்தக் காசு கொடுத்தாலும் திரும்பி வராது.

கட்டினவங்களுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம், அவங்க வாங்கி வெச்ச பொருளுக்கு எமனும் வெளிச்சம்தான். துணிகளையெல்லாம் ஒரு மியூசியத்துக்குக் கொண்டு போயிட்டு இங்க ஜன்னலைத் திறந்துவிடலாமேன்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 1601ல பெஸ் ரூம் ரூமா எழுத வெச்ச சாமான் பட்டியல் இருக்கு, அதுல இருக்கற பொருள் பலதும் அதே வீட்டுக்குள்ள இன்னைக்கும் இருக்கு, இப்படி ஒரு வீடு இங்கிலாந்துலயே அபூர்வம். அறையும் துணியும் ஒண்ணுக்காக ஒண்ணு செஞ்சது, பிரிச்சா ரெண்டுமே அரைகுறை. அதனால மங்கலா இருந்தாலும் சேர்ந்தே இருக்கட்டும்ங்கறது என் கட்சி. அடுத்த தடவை போனா உள்ள நுழைஞ்சதும் நகராம ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, கண்ணு பழகினதும் துணியில முகமெல்லாம் ஒண்ணொண்ணா எழுந்து வரும்.

இத்தனை வருஷம் யாரும் இடிச்சு மாத்தாம எப்படி விட்டாங்க? - வாசகர், சேலம்

பெஸ்ஸோட வம்சம்தான் டெவன்ஷைர் பிரபுக்கள். அவங்க சாட்ஸ்வொர்த்ல தங்கினாங்க, ஃபேஷன் மாறறப்பல்லாம் இடிச்சுக் கட்டினது அந்த வீட்டைத்தான். ஹார்ட்விக் ரெண்டாம் பட்சமா ஓரமா கிடந்துது, அதனால தப்பிச்சுது. 1950ல பத்தாவது டியூக் இறந்தப்ப வாரிசு வரி 80 சதவீதம், அதைக் கட்ட முடியாம இந்த வீட்டை அரசாங்கத்துக்கே கொடுத்தாங்க, 1959ல நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்துது. அந்த வருஷங்கள்ல இந்த மாதிரி நூத்துக்கணக்கான வீடுகளை வரி கட்ட முடியாம இடிச்சு கல்லையும் மரத்தையும் வித்துட்டாங்க, இது பிழைச்சது பெரிய விஷயம்.

பையன் இங்கிலாந்துல ஒரு பழைய வீடு வாங்கியிருக்கான், கிரேட் டூ லிஸ்டட்னு சொல்றாங்க. ஜன்னலை பிளாஸ்டிக் ஃபிரேம்ல மாத்தலாம்னா கூடாதுங்கறாங்களாம். ஹார்ட்விக் மாதிரி மாளிகைக்கு சரி, சாதாரண வீட்டுக்குமா? - வாசகர், கோயம்புத்தூர்

சாதாரண வீட்டுக்கும்தான் சார். இங்கிலாந்துல சட்டப்படி பாதுகாக்கற பழைய கட்டடங்களுக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல மூணு படி (கிரேடு), கிரேட் ஒன், டூ ஸ்டார், டூ. ஹார்ட்விக் கிரேட் ஒன், மொத்த லிஸ்ட்ல அது வெறும் 2.5 சதவீதம்தான், 90 சதவீதத்துக்கு மேல உங்க பையன் வீடு மாதிரி கிரேட் டூ. எந்த கிரேடா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான், வீட்டோட தன்மையை மாத்தற எந்த வேலைக்கும் லோக்கல் கவுன்சில்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், வெளிய மட்டும் இல்ல, உள்ள இருக்கற படிக்கட்டு, ஃபயர்பிளேஸ், கதவு எல்லாம் சேர்த்தி. வாங்காம செஞ்சா அது கிரிமினல் குற்றம். அதை விட முக்கியம், முன்னாடி இருந்தவர் அனுமதி இல்லாம செஞ்சிருந்தா அதை சரி பண்ணச் சொல்லி இப்ப இருக்கற ஓனருக்கு நோட்டீஸ் வரலாம், அதுக்கு கால வரம்பு கிடையாது, அதனால பழைய அனுமதிக் காகிதமெல்லாம் இருக்கான்னு வக்கீல் மூலமா பார்க்கச் சொல்லுங்க.

குளிருக்குத்தான் கேக்கறார்னா பழைய ஜன்னலை அப்படியே விட்டுட்டு உள்பக்கமா இன்னொரு மெல்லிய கண்ணாடி ஃபிரேம் போட்டுக்கலாம், அதுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பு வராது, ஆனா கவுன்சில்ல கன்சர்வேஷன் ஆபீசர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரைக் கேட்டுட்டுச் செய்யட்டும். இன்னொரு விஷயமும் சொல்லுங்க, பழைய கல் சுவத்துல சிமென்ட் பூச விடவே கூடாது. சுண்ணாம்புக் கலவை ஈரத்தை வெளிய விடும், சிமென்ட் உள்ளயே அடைச்சுடும், அப்புறம் போறது கல்லுதான், பொடிப்பொடியா உரியும்.

ஹார்ட்விக் பக்கத்துலயே இடிஞ்ச ஒரு பெரிய கட்டடம் படத்துல தெரியுதே? - வாசகி, காரைக்கால்

அதுவும் பெஸ் கட்டினதுதான், ஓல்ட் ஹால். அது முழுசா முடியறதுக்கு முன்னாடியே பக்கத்துல புதுசை ஆரம்பிச்சுட்டாங்க, ரெண்டுலயும் ஒரே சமயத்துல வேலை நடந்துது. பின்னாடி கூரை போய் பாழாயிடுச்சு, இப்ப இங்கிலிஷ் ஹெரிடேஜ்ங்கற புராதனச் சின்னப் பராமரிப்பு அமைப்பு பார்த்துக்கறாங்க. திருப்பிக் கட்டாதது நல்லதுன்னு நினைக்கறேன், இடிஞ்ச சுவத்துல மேல்மாடி சுதை உருவமெல்லாம் தரையே இல்லாம அந்தரத்துல ஒட்டிட்டு நிக்கறது, அந்தக் காலத்து வீட்டை வெட்டிக் காட்டின மாதிரி இருக்கும்.

இந்த மாதிரி வீடுகள்ல நம்ம மெட்ராஸ் பணம் இருக்கா? - வாசகர், சென்னை

ஹார்ட்விக்ல இல்லை, அது ஈஸ்ட் இண்டியா கம்பெனி உருவாகறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சாச்சு. ஆனா வேற வீடுகள்ல நிச்சயம் உண்டு. 1698ல இருந்து 1709 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்த தாமஸ் பிட், இங்க வாங்கின ஒரு பெரிய வைரத்தை 1717ல ஃபிரான்ஸ் அரசுக்கு வித்தாரு, அதே சமயத்துல கார்ன்வால்ல பாகானக்ங்கற எஸ்டேட்டை வாங்கினாரு. அதுக்குத் தனியா ஒரு பக்கமே எழுதணும், எழுதறேன்.

எப்ப போனா நல்லா இருக்கும்? - வாசகி, பெங்களூரு

சாயந்திரம். உள்ள எல்லாம் பார்த்துட்டு, மூடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெளிய வந்து முன்பக்க முற்றத்துக் கேட் கிட்ட நில்லுங்க. முகப்பு மேற்குப் பார்த்தது, வெயில் சாயறப்ப அத்தனை சின்னச் சின்ன கண்ணாடித் துண்டும் பிடிச்சுக்கும். கையால ஊதினதும் ஈயத்துல கோர்த்ததும்ங்கறதால ஒண்ணு கூட ஒரே கோணத்துல இருக்காது, ஒண்ணு ஆரஞ்சு, பக்கத்துல இருக்கறது வெறும் வானம், அடுத்தது இருட்டு. நீங்க ரெண்டு அடி நகர்ந்தீங்கன்னா எல்லாம் இடம் மாறும்.